பச்சை பூத்தால் பழசா?

கேள்வி: பழைய கிளாரினெட் மவுத்பீஸ் ஒன்று கிடைத்தது. பச்சை பூத்திருக்கிறது. நூறு வயது இருக்குமா?

பதில்: பச்சையை நம்பி விலை பேசிவிடாதீர்கள்! மவுத்பீஸ் செய்யும் எபனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெயில் பட்டாலும் வெந்நீரில் கழுவினாலும் நிறம் மாறிவிடும். ஜன்னலோரம் கிடந்த தம்பி, பெட்டிக்குள் இருந்த அண்ணனைவிடக் கிழவனாகத் தெரிவான். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் எபனைட்தான், ஆனால் ஆண்டு தெரியாது. அதற்கு முத்திரையின் எழுத்தையும் உள்ளறைச் சுவரின் சரிவையும், காலம் தெரிந்த இன்னொன்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். முத்திரை மட்டும் போதாது: பாரிஸின் ஷெடவில் பட்டறை செய்த வெற்று மவுத்பீஸில் சிகாகோவின் மவுத்பீஸ் தயாரிப்பாளர் காஸ்பர் தன் பெயரைக் குத்தியவையும் உண்டு. நுனிக்கும் ரீடுக்கும் உள்ள இடைவெளியைக் கடைசியில் அளந்தால் போதும். முன்பு வாசித்தவர் அதை உப்புத்தாளில் தேய்த்து மாற்றியிருக்கலாம்.