புது இனம் கண்ட தம்பிக்கு

வா தம்பி, குந்து. பையிலேருந்து அந்தப் புதைபடிவச் சிப்பியை எடுத்து எங்கிட்டயும் காட்டு. கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் குழியில காலையில பொறுக்கினதாம், வெயில் உச்சிக்கு ஏறுறதுக்குள்ள புது இனம்னு முடிவே கட்டிட்டியாம். பேரும் தயாராம், உங்க வாத்தியார் பேரு. கெட்டிக்காரன்டா நீ. முனைவர் பட்டத்துல கையெழுத்து எப்படி விழும்னு உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

காலேஜ் பிள்ளைங்களுக்கு மூட்டை தூக்கியே நரைச்சவன் நான். எழுத்து எனக்கு அவ்வளவா வராது. ஆனா குழிக்குள்ள வாத்தியாருங்க பிள்ளைங்களைத் திட்டுறப்ப பக்கத்துலயே நின்னு கேட்டிருக்கேன். திட்டு வாங்கினவன் மறந்துட்டான், நான் மறக்கல.

எங்க, குடு. ஓட்டு மேல வரிவரியா எழும்பியிருக்கே, அதுக்காகத்தானே புதுப் பேரு? இந்த வகைச் சிப்பி குஞ்சுல இடது ஓட்டை எது மேலயாவது ஒட்டிக்கிட்டுத்தான் உக்காரும். கீழ கிடக்கறது அம்மோனைட்டு ஓடுன்னா அதோட வரி இடது ஓட்டுல அச்சா விழுந்துடும். அதோட விடாது. மூடியா இருக்கிற வலது ஓடு, இடது ஓட்டோட இடுக்கில்லாம பொருந்தியாகணும்ல? அதனால அதுவும் அதே வரியை எடுத்துக்கிட்டே வளரும். அம்மோனைட்டைத் தொட்டே பார்க்காத ஓட்டுல அம்மோனைட்டோட வரி! நீ அளவு எடுத்து, படம் வரைஞ்சு, அடிக்கோடும் போட்டு வச்சிருக்கியே, அது சிப்பியோட லட்சணம் இல்லடா. அது குடியிருந்த இடத்தோட லட்சணம்.

இந்தப் பொடிப்பொடிக் குழி? நோட்டுல "புள்ளி அலங்காரம்"னு எழுதியிருக்க. அழகாத்தான் எழுதியிருக்க. அது கடற்பஞ்சு துளைச்ச ஓட்டை தம்பி. இனிமே நத்தை ஊர்ந்தா கோலம்னு எழுதுவ போல.

நெரிசல்ல வளர்ந்தது ஒடுங்கிப் போகும், தாராளமா கிடந்தது வட்டமாகும். இடது ஓடு குழிஞ்சு கிண்ணமா இருக்கும், வலது ஓடு தட்டையா கிடக்கும். ரெண்டும் பிரிஞ்சு தனித்தனியா கிடைச்சுதுன்னா உன்னை மாதிரி அவசரக்காரன் கையில ரெண்டு இனமாயிடும். கட்டுரையும் ரெண்டாகும், அது வேற லாபம்.

அதனால வெளிப்பக்கத்தை விடு, உள்பக்கத்தைப் பாரு. ஊசியால மெல்லக் கிளறி கீல் பக்கத்தைச் சுத்தம் பண்ணு. சீக்கிரம் முடியட்டும்னு ஆசிட்டை ஊத்திடாத. ஒட்டியிருக்கிற கல்லும் கால்சைட்டு, ஓடும் கால்சைட்டு. நுரை அடங்குறப்ப உன் ஆராய்ச்சியும் அடங்கியிருக்கும். இந்தக் கூட்டத்துக்கு மூடுதசை ஒண்ணே ஒண்ணுதான், அதோட தழும்பு ஓட்டுக்குள்ள தெரியும். தழும்பு வட்டமா, கீலை ஒட்டினாப்பல இருந்தா கிரிஃபேயிடே குடும்பம். அவரை விதை வடிவத்துல இருந்தா ஆஸ்ட்ரெயிடே. அடுத்து, கீலுக்கு ரெண்டு பக்கமும் நெளிநெளியா சின்ன வரப்பு ஓடுதான்னு பாரு. உடைஞ்ச விளிம்பை லென்ஸ்ல பாரு, நுரைநுரையா அறை தெரியுதா? மூணும் இருக்கா? அப்ப உன் புது இனம் பிக்னோடோன்ட்டே வெசிகுலாரிஸா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இந்தக் கல்லுல எங்க கால் வச்சாலும் அதுதான் மிதிபடும்.

அதுக்குப் பேர் வச்சது பிரான்ஸ்காரரு லமார்க், 1806ல. அப்ப ஆஸ்ட்ரியாங்கற பேரினத்துல இருந்துச்சு. அப்புறம் கிரிஃபேயாவுல சேர்த்தாங்க, இப்ப பிக்னோடோன்ட்டே. ரேஷன் கார்டுல ஒரு பேரு, பத்திரத்துல ஒரு பேருன்னு திரியற நம்ம பங்காளி கதைதான். ஆனா வெசிகுலாரிஸ்ங்கறது மட்டும் மாறல. முந்தி வச்ச பேருக்குத்தான் முதல் உரிமை, அது விலங்குப் பெயர்ச் சட்டம். கணக்கு 1758லேருந்து ஓடுது. நீ வைக்கிற பேரு நாளைக்கு இணைப்பேர் பட்டியல்ல கடைசி வரியா போய் நிக்கும், பக்கத்துல உங்க வாத்தியாரும் நிப்பாரு.

நம்ம ஊருச் சிப்பி நம்ம ஊருல மட்டுந்தான் இருக்கும்னு நினைக்காத. குஞ்சு கடல்ல மிதந்து போறது. இதே கல்லுல ரம்பம் மாதிரி விளிம்போட ஒண்ணு கிடக்குதே, அகெரோஸ்ட்ரியா உங்குலாட்டா, அது நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட் பக்கமும் கிடக்குது. 7 கோடி வருஷத்துக்கு முந்தி பாஸ்போர்ட்டா கேட்டாங்க?

புத்தகத்தைப் புரட்டினியா? புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கத்துச் சிப்பிகளை 1846லயே ஃபோர்ப்ஸ் எழுதிட்டாரு. அப்புறம் வந்தாரு ஸ்டோலிச்கா, மொராவியாக்காரரு, கல்கத்தாவுல புவியியல் ஆய்வுத் துறையில வேலை. தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் சிப்பிங்களுக்குன்னே தடித்தடியா ஒரு பாகம், 1871ல முடிச்சாரு. யார்க்கண்ட் போயிட்டுத் திரும்பற வழியில 1874ல லடாக்ல செத்துப் போனாரு, வயசு 36. அந்த வயசுக்குள்ள அவர் எழுதினதை நீ படிச்சு முடிச்சாலே நான் உனக்கு மாலை போடுவேன்.

சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாத. எல்லாத்தையும் பார்த்த பிறகும் வித்தியாசம் நிக்குதுன்னு வை. அப்ப ஒத்தை ஓட்டைத் தூக்கிட்டு ஓடாம, ஒரே படுகையில குஞ்சும் கிழமும் இடதும் வலதுமா நிறையப் பொறுக்கு, அளந்து பாரு. நடுவுல இருக்கிறது ரெண்டு பக்கமும் சேர்ந்து கலந்துபோச்சுன்னா அது ஒரே இனம். கலக்கலையா? அப்ப ஒண்ணை மூலமாதிரியா எடுத்து, நம்பர் போட்டு, அருங்காட்சியகத்துல குடு. வீட்டு அலமாரியில வச்சுட்டு, வந்து பார்த்துக்கோங்கன்னு சொல்லக் கூடாது. பேரை லத்தீன் எழுத்துல எழுதணும், தமிழ்ப் பேரா இருக்கலாம். உன் பேரையே வச்சுக்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்ல, ஆனா சபையில சிரிப்பாங்க. என் பேரை வச்சா யாரும் சிரிக்க மாட்டாங்க, சும்மா காதுல போட்டு வைக்கிறேன்.

முதல்ல எந்தக் குழி, எந்தப் படுகை, எத்தனை அடி ஆழம்னு நோட்டுல எழுது. எழுதலையா? அப்ப எழுந்திரு, இப்பவே திரும்பிப் போவோம். நீ எடுத்த படுகைக்குத் துளை போட்டுக்கிட்டு இருந்தாங்க, பொழுதுசாய வெடி வச்சா அது சிமெண்டு மூட்டையில ஏறிடும். சுத்தியலை நீ தூக்கிக்க, நான் வெத்தலைப் பொட்டலத்தை எடுத்துக்கறேன்.