மல்லாட்டைத் தோலும் சப் மீட்டரும்

திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். அம்மாவின் அடுப்புக்குக் காசு கொடுத்து எதுவும் வாங்கியதில்லை. சவுக்கு மிலாறு, கரும்புச் சோகை, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்த தோல். தோல் குப்பென்று எரிந்து சட்டென்று அடங்கிவிடும். ஒரு கையால் சோற்றைத் துழாவிக்கொண்டே மறு கையால் தோலை அள்ளிப் போட்டபடி இருக்க வேண்டும். ஊதாங்குழல் ஊதி ஊதி நாற்பது வயதிலேயே அம்மாவுக்கு இளைப்பு வந்தது. அந்த அடுப்பை நினைத்து நான் உருகமாட்டேன். அரசுத் திட்டத்தில் இலவச கேஸ் அடுப்பு வந்த நாள் எங்கள் வீட்டுக்கு நல்ல நாள்.

ஆனால் மல்லாட்டைத் தோலுக்கு உலகச் சந்தை கிடையாது. சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் கப்பலில்தான் நாட்டுக்குள் வருகிறது. 2023 மார்ச்சில் சென்னையில் சிலிண்டர் விலை 1,118 ரூபாய் 50 காசு ஆனபோது, அம்மா கொல்லையில் மண்ணடுப்பை மறுபடி மெழுகினார்.

மின்சாரக் கதை கூரையில் தொடங்குகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் கீற்றுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. கடன் வாங்கித் தளம் போட்டோம். இனிப் புயலுக்குப் பயமில்லை என்றார் அப்பா. சித்திரை வந்தபோதுதான் தெரிந்தது, பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி முழுக்க எங்கள்மேல் இறக்கும் என்று. அரசு கொடுத்த இலவச ஃபேன் இருந்தது. கரண்ட் இல்லை. 2012இல் பாதி நாளுக்கு மேல் மின்வெட்டு.

இப்போது விழுப்புரத்தில் நான் கட்டிய வீட்டுக்கும் அதே தளம்தான். ஏசி போடுவதை ஊதாரித்தனம் என்பவர்கள், மே மாதம் ஒரு ராத்திரி அந்தத் தளத்தின் கீழே படுத்துப் பார்க்கட்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் முன்பு 1,130 ரூபாய். 2022 செப்டம்பர் உயர்வில் 1,725 ஆனது. 500ஐத் தாண்டினால் சலுகையில் ஒரு பகுதி கழன்று, மேற்கொண்டு ஓடும் யூனிட்டுக்கு 8 ரூபாயும் அதற்கு மேலும் என்றானது. எப்படியோ கட்டிவிடுகிறேன்.

அக்காவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. திண்டிவனத்தில் மொட்டை மாடியில் ஒற்றை அறை, வாடகைக்கு. தனி இணைப்பு கிடையாது, சப் மீட்டர்தான். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வீட்டுக்காரர் கணக்கு. இரண்டு மாதத்தில் 180 யூனிட் ஓடியது, 1,620 ரூபாய் கொடுத்தாள். அவள் பெயரில் இணைப்பு இருந்திருந்தால் முதல் 100 யூனிட் இலவசம்; 2024 உயர்வுக்குப் பிறகும் 200 யூனிட்டுக்கே 235 ரூபாய்தான். ஏசி ஓட்டுகிற எனக்குக் கிடைக்கும் 100 யூனிட், ஒரு ஃபேனும் ஒரு ஃபிரிட்ஜும் வைத்திருக்கும் அவளுக்கு இல்லை. வாடகைக் குடும்பத்துக்கும் அந்தச் சலுகை நேராகப் போய்ச் சேர வழி செய்யாதது பெரிய அநியாயம்.

"வீட்டுக்காரரைக் கேட்டுப் பாரேன்க்கா" என்றேன்.

"கேட்டா காலி பண்ணச் சொல்வாங்க தம்பி. புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் பக்கம்."

போன மே மாதம் அங்கே தங்கினேன். வாசற்படிக்கு மேலே அந்த மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அசந்து தூங்கியதும் அக்கா எழுந்து ஃபேனை நிறுத்தினாள். முந்தானையால் சின்னவனுக்கு விசிறியபடி, மினுக்கல் நிதானப்படும்வரை அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.