செத்த காலேஜில் ஒரு பகல்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. பழைய சென்னைவாசிகளின் பேச்சில் அது செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தன. அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு மருத்துவர். கல்லையும் கனிமத்தையும் பார்க்க வருவோரைவிட, மூச்சு விடும் பிராணியைப் பார்க்க வருவோரே அதிகம் என்பதை அவர் சீக்கிரமே புரிந்துகொண்டார். 1855-இல் விலங்குகள் வந்து சேர்ந்தன. பிறகு அவை பீப்பிள்ஸ் பூங்காவுக்கும், அங்கிருந்து வண்டலூருக்கும் வீடு மாற்றிக்கொண்டன.

உயிர் போனாலும் மவுசு போகவில்லை. இன்றும் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது திமிங்கல எலும்புக்கூட்டைத்தான். அதன் கீழே நின்று, “நிஜ எலும்பாப்பா?” என்று பிள்ளை கேட்கும். அறிவிப்புப் பலகையைப் படிக்காத தகப்பனார், “எல்லாம் பிளாஸ்டிக்” என்று தீர்ப்பளிப்பார்.

அமராவதிச் சிற்பங்களுக்கு அத்தனை கூட்டம் இல்லை. வால்டர் எலியட் 1845-இல் தோண்டியெடுத்த பௌத்தத் தூபிப் பலகைகளில் பெரும் பகுதி 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறியது. மிஞ்சியவற்றின் எதிரே பார்வையாளர் தேடுவது மின்விசிறியை.

படிமக் கூடம் வேறு வகை. இங்குள்ள செப்புத் திருமேனிகளில் பல, யாரோ வேறு எதற்கோ மண்ணைத் தோண்டியபோது கிடைத்தவை. புதையல் சட்டத்தின்படி அரசிடம் வந்தவை. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் அத்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். விபூதித் தட்டைக் காணாமல் காவலரை முறைப்பார்கள். கலை வரலாற்று மாணவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. ஆனால் அந்தச் சிலையைச் செய்த சோழர் காலத்துச் சிற்பி எதிர்பார்த்தது அத்தையைத்தான்.

திருவாலங்காட்டு நடராசரை வெகுநேரம் பார்த்தவர் என்று பிரெஞ்சுச் சிற்பி ரொதானைச் சொல்லலாம். அவர் சென்னைக்கு வந்ததே இல்லை. புகைப்படங்களை வைத்துக்கொண்டே உருகி உருகி எழுதினார். அந்தக் கட்டுரை அவர் மறைந்தபின் 1921-இல் வெளியானது. நேரில் வருவோர் நடராசருக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

ஹென்றி இர்வின் வடிவமைத்த செந்நிறக் கலைக்கூடம் இதே வளாகத்தில்தான் நிற்கிறது. பழுதுபார்ப்புக்காகப் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த காலத்திலும் அதற்கு ரசிகர்கள் குறையவில்லை. படிக்கட்டில் நல்ல நிழல்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. வெளியூர் விருந்தாளிகளுக்குப் பெரும்பாலும் அன்றுதான் ஒழிகிறது.