முப்பதாம் எண் நாற்காலி

தாசில்தார் அலுவலகத்தில் கோப்பின் தேதியைத் திருத்தினால் சஸ்பென்ஷன். யுனிக்ஸில் அதற்கென்றே ஒரு பதவி உண்டு. எண் 30.

1971 நவம்பரில், நியூஜெர்சியின் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸின் முதல் கையேட்டைப் போட்டார்கள். அதிலேயே ‘எஸ்எம்டேட்’ ஆஜர். கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்பதை நம் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ள உதவும் 30ஆம் எண் சிஸ்டம் கால், அதாவது நிரல் இயங்குதளத்திடம் வைக்கும் கோரிக்கை. இத்தனைக்கும் அன்றைய கடிகாரத்தின் லட்சணம் என்ன? நொடியை 60 துண்டாக நறுக்கி, 1971 ஜனவரி 1 முதல் 32 பிட்டில் எண்ணிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் இரண்டேகால் வருடத்தில் எண்ணே தீர்ந்துவிடும். அவ்வளவு குட்டி வரலாற்றைத் திருத்தவும் ஓர் ஆள்! பிறகு புத்தி வந்து, 1970 முதல் முழு நொடிகளாக எண்ணினார்கள். அந்த 32 பிட் எண்ணின் வண்டவாளம் 2038 ஜனவரி 19 அன்று தெரியும்.

1975-இல் வந்த ஆறாம் பதிப்பில் எஸ்எம்டேட்டின் வாயைக் கட்டிவிட்டார்கள். மூல நிரலின் பட்டியலில் 30க்கு நேரே ‘செயல்படாது’ என்று ஒரு குறிப்பு மட்டும். நாற்காலி இருக்கிறது, ஆள் இல்லை. 1979-இல் ஏழாம் பதிப்பு வந்தபோது ‘யூடைம்’ என்ற புது ஆள் அதே எண்ணில் வந்து உட்கார்ந்தார். கடைசியாகப் படித்த நேரம், கடைசியாக எழுதிய நேரம் இரண்டும் இப்போது அவர் கையில். பின்னாளில் 32 பிட் இன்டெல் லினக்ஸிலும் அவருக்கு எண் 30தான்.

ஆள் வெறும் ஃபிராடு என்று நினைக்க வேண்டாம். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் கட்டைப் பிரிக்கும்போது பழைய கோப்புகளுக்குப் பழைய தேதியை மீட்டுத் தருவது இவர்தான். 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ நிரலோ தேதியை மட்டுமே நம்பும் அப்பாவி. ஓர் எழுத்தும் மாற்றாமல் மூலக்கோப்பைப் புதியதாகக் காட்டினால் போதும், முழு மூச்சாக மறுபடி கம்பைல் செய்ய ஆரம்பித்துவிடும். நிரலாளர் நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம்.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் துல்லிய வெறி. 1983-இல் பெர்க்லிக்காரர்கள் மைக்ரோ நொடிக்கு இறங்கினார்கள். 2008-இன் போசிக்ஸ் தரநிலை நானோ நொடிவரை போனது. சொல்வது பொய்யாக இருந்தாலும் ஒன்பது தசமம் சுத்தமாக இருக்க வேண்டுமாம். உரிமையிலும் ஒரு நுணுக்கம்: தேதியாக ‘இப்போது’ என்று போட, எழுதும் அனுமதி உள்ள யாரும் போதும். வேறு தேதி போட உரிமையாளராகவோ சர்வ அதிகாரமும் உள்ள ரூட்டாகவோ இருக்க வேண்டும். பொய்க்குப் பட்டா!

ஆனால் ஏழாம் பதிப்பு சத்தமில்லாமல் மூன்றாவதாக ஒரு நேரத்தையும் உள்ளே வைத்தது: சிடைம். யூடைம் தேதியைத் திருத்தும் ஒவ்வொரு முறையும், அந்தத் திருத்தம் நடந்த நேரத்தை இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதில் குறித்துக்கொள்ளும். அதை மாற்ற எந்த சிஸ்டம் காலும் கிடையாது. அப்படியும் விடாத ரூட்கள் உண்டு. கணினியின் கடிகாரத்தையே பின்னுக்குத் திருப்பிவைத்து, கோப்பைத் தொட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள்போல் மறுபடி முன்னுக்கு நகர்த்துவார்கள்.