சேற்றுக்கு எத்தனை குதிரை?

கேள்வி: ஐந்து ஏக்கர் நஞ்சை. ஏ.டி.வி. வாங்கினால் எந்த அளவு, என்ன இன்ஜின்?
– ஒரத்தநாடு வாசகர்

பதில்: 2020-ல் போலாரிஸ் நிறுவனம் ‘ஸ்போர்ட்ஸ்மேன் 570 டிராக்டர்’ என்ற ஏ.டி.வி.யை (கரடுமுரடான தரையிலும் ஓடும் நான்கு சக்கர வண்டி), டிராக்டராகவே பதிவு செய்து சாலையிலும் ஓட்டும்படி இந்தியாவில் இறக்கியது. 567 சிசி பெட்ரோல் இன்ஜின், அப்போது விலை சுமார் 8 லட்சம் ரூபாய். அண்டை வெட்ட வந்தவர்கள் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுப்பார்கள். சேற்றுழவுக்கு ஆகாது.

டெல்டா களிமண்ணுக்கு 12, 13 குதிரைசக்தி பவர் டில்லரே தாராளம். ஒற்றை சிலிண்டர் டீசல். மெதுவாகப் போனாலும் இழுவை குறையாது. ரப்பர் டயரைக் கழற்றி இரும்புக் கேஜ் வீல் மாட்டினால் சேற்றில் வழுக்காது. கனத்த டிராக்டரை உளையில் இறக்கியவர், இன்னொரு டிராக்டர் வந்து இழுக்கும்வரை வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் ஊரே உழவு கேட்கும். வாடகை டில்லர்தான் உத்தேசம் என்றால் இப்போதே சொல்லிவைக்கவும்.