அட்மின் அண்ணா

இணையத்தில் சொந்தமாக மன்றம் வைத்து நடத்துபவரைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ள முடியாது. காரில் கொடி இருக்காது, சட்டைப் பையில் தலைவர் படம் தெரியாது. பேச்சில்தான் பிடிபடுவார். கல்யாண வீட்டில் இரண்டு மாமன்கள் சாம்பாரில் உப்பில்லை என்று ஆரம்பித்து, பாட்டி காலத்துப் பாகப்பிரிவினைக்குப் போய்க் குரலை உயர்த்தும் நேரத்தில், மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், “தலைப்பை ஒட்டிப் பேசலாமே” என்பார். அவர்தான்.

உறுப்பினர்களுக்கு அவர் அட்மின் அண்ணா. அவரைவிட இருபது வயது மூத்த, ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் அண்ணாதான். கோபம் வந்தால் மட்டும் தம்பி ஆகிவிடுவார்.

கதை பெரும்பாலும் 2003, 2004 வாக்கில், ஷார்ஜாவிலோ சிங்கப்பூரிலோ, மூன்று பேர் வாடகை பங்குபோட்ட அறையில் தொடங்கும். நம்மவருக்கு ஷார்ஜா. அந்தக் காலத்தில் தமிழர்கள் யாஹூ குழுமங்களில் மின்னஞ்சல் வழியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் எழுதிய காரசாரமான மடல் ஒன்றை அங்கிருந்த மட்டுறுத்துநர் வெளியிடாமல் அமுக்கி வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. “அவனுக்கு என்ன அவ்வளவு அதிகாரம்? நானே ஒண்ணு ஆரம்பிக்கிறேன், யார் வேணா என்ன வேணா பேசட்டும்” என்று கிளம்பினார். மன்றம் பிறந்தது கருத்துச் சுதந்திரத்துக்காக என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் அதை அவருக்கே நினைவுபடுத்திய ஓர் உறுப்பினர் இரண்டு வாரம் தடை வாங்கினார்.

தொடங்குவது கஷ்டமே இல்லை. பிஎச்பிபிபி என்று, சொல்லும்போதே எச்சில் தெறிக்கும் பெயரில் ஒரு மென்பொருள் 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைத்தது. வழங்கியில் வாடகைக்குக் கொஞ்சம் இடம், தளத்துக்கு ஒரு பெயர், ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை. கடைசிப் பொத்தானை அமுக்கியதும் முகப்பின் அடியில் கணக்கு வந்து நிற்கும்: மொத்தப் பதிவுகள் 1, மொத்த உறுப்பினர்கள் 1, நம் புதிய உறுப்பினர் அவரே. அந்த ஒரு பதிவும் மென்பொருள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட வரவேற்பு.

ஆள் வருவதற்கு முன்பே அறைகள் கட்டி முடித்துவிடுவார். இலக்கியம், அதற்குள் சங்க இலக்கியம், அதற்குள் அகம் தனி, புறம் தனி. சமையல், அதற்குள் அசைவம், அதற்குள் கடல் உணவு. ஒற்றை மனிதர் வசிக்கும் மன்றத்தில் நெத்திலிக்குத் தனி அறை கிடைத்தது இப்படித்தான்.

ஆள் பிடிப்பதும் அப்போது சும்மா இல்லை. யூனிகோட் தமிழ் எல்லார் கணினியிலும் தெரியாது. விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள் உள்ளே போய் ஒரு பெட்டியில் டிக் அடிக்க வேண்டும். நம்மவர் இரவு நேரத்தில் சொந்தக் காசில் ஐஎஸ்டி போட்டுச் சொல்லிக்கொடுப்பார்.

“அண்ணே, எனக்கு எல்லாம் கட்டம் கட்டமா வருது.”

“கண்ட்ரோல் பேனல் போங்க தம்பி. லாங்குவேஜஸ்னு இருக்கும் பாருங்க. அதுல ஒரு பெட்டி இருக்கும், டிக் பண்ணுங்க.”

“விண்டோஸ் சிடி போடச் சொல்லுதுண்ணே.”

“போடுங்க.”

“அது கடைக்காரன்கிட்டல்ல இருக்கு.”

ஆளில்லாத மன்றத்தில் யாரும் முதலில் வாய் திறக்கமாட்டார்கள். ரெடிட் தளத்தை 2005-இல் தொடங்கியவர்களே ஆரம்பத்தில் பொய்ப் பெயர்களில் தாங்களே பதிவு போட்டுக் கூட்டம் காட்டியதைப் பிற்பாடு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஷார்ஜாவில் நம்மவர் அந்த ஞானத்தை அதற்கு முன்பே அடைந்துவிட்டார். ‘குற்றாலச் சாரல்’ என்ற பெயரில் நுழைந்து கேள்வி கேட்பார். வெளியேறி, அட்மினாக நுழைந்து பதில் சொல்வார். மறுபடி சாரலாக வந்து, “தெளிவான விளக்கம், நன்றி” என்பார்.

வினை ஒரு கம்பராமாயணத் திரியில், அதாவது அந்தத் தலைப்பில் ஓடிய உரையாடலில் வந்தது. சாரல் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டார். அட்மின் கண்டித்தார். சாரல் விடவில்லை. சாரலுக்கு வாய்த்த சொற்கள் அட்மினுக்கு வாய்க்கவில்லை என்பது நம்மவருக்கே ஆச்சரியம். அதற்குள் நிஜமான உறுப்பினர்கள் சிலர் சேர்ந்திருந்தார்கள், அவ்வளவு பேரும் சாரல் பக்கம். “அட்மின் அண்ணா, சாரல் ஐயா சொல்றதுல நியாயம் இருக்கு. பெரியவங்ககிட்ட நீங்க கொஞ்சம் பணிவாப் பேசலாம்.” இரவு ஒன்றரை மணிக்கு நம்மவர் சாரலிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சாரல் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். அந்த ஆண்டு சிறந்த பதிவாளர் தேர்தலில் பெருவாரியாக வென்றவரும் சாரல்தான். கள்ள ஓட்டு எதுவும் விழவில்லை. அட்மின்கூட வேறு ஒருவருக்குத்தான் போட்டார்.

மன்றம் வளர்ந்தது. புதிதாக ஒருவர் வந்து “வணக்கம்” என்று அறிமுகத் திரி தொடங்கினால் பின்னாலேயே “வருக வருக” என்று நான்கு பக்கம் ஓடும். வந்தவர் மிரண்டுபோய் அத்தோடு காணாமல் போவார். பதிவு எண்ணிக்கைக்கு ஏற்ப நட்சத்திரம் கூடும் என்பதால், “அருமை”, “பகிர்வுக்கு நன்றி” என்ற இரண்டே சொற்களில் நட்சத்திர அந்தஸ்தை எட்டியவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓர் இரங்கல் திரியிலும் “அருமை” என்று போட்டார். நம்மவர் அதை அழித்தார். இறந்தவரின் குடும்பம் ஒன்றும் சொல்லவில்லை. போட்டவர்தான், எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிட்டது என்று தனிமடலில் சண்டைக்கு வந்தார்.

இதற்கு நடுவில் நம்மவருக்கு ஏற்பட்ட மாற்றத்தை யாரும் கவனிக்கவில்லை. அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். நாள் முழுக்க மன்றத்தில்தான் இருப்பார், ஒரு பதிவு விடாமல் பார்ப்பார். ஆனால் காலத்துக்கும் நிற்கக்கூடிய ஒரு சிறுகதையை யாராவது போட்டாலும், அது கவிதைப் பகுதியில் இருக்கிறது என்பதுதான் அவர் கண்ணில் படும். நகர்த்திவிட்டு அடுத்த திரிக்குப் போவார். பேச்சும் நின்றுபோயிற்று. ஒருமுறை ஆசையாக, “எனக்கு எப்போதும் இளையராஜாதான்” என்று ஒரு வரி எழுதினார். நிர்வாகமே ஒருதலைப்பட்சமாக நடந்துகொள்வதாக ரஹ்மான் ரசிகர்கள் பக்கம் பக்கமாகக் கண்டனம் எழுதினார்கள். அன்றிலிருந்து சொந்த அபிப்பிராயம் எதையும் அட்மின் பெயரில் எழுதியதில்லை. எழுதத் தோன்றினால் சாரலைக் கூப்பிடுவார்.

மட்டுறுத்துநர் நியமனத்தில் அவர் கையாண்ட ராஜதந்திரம் மட்டும் பாராட்டத்தக்கது. அதிகமாகச் சண்டை போடுபவர் யாரோ அவருக்கே பதவி. பச்சை நிறத்தில் பெயர் மின்ன ஆரம்பித்ததும் பழைய சண்டைக்காரர் ஒரே வாரத்தில் விதிமுறைப் புத்தகம் ஆகிவிடுவார். முதலில் தன் நண்பர்களின் திரிகளைத்தான் பூட்டுவார்.

சொல்லிப் புரியவைக்கவே முடியாத சண்டை ஒன்று உண்டு. பழைய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் யுடிஎஃப்-8 என்று பெயர் சொல்லி வைத்திருந்த வகை, ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் இடம் கொடுக்கும். தமிழுக்கு மூன்று பைட் போதும், பாந்தமாக உட்கார்ந்துகொண்டது. கைப்பேசிகள் வந்தபின் எல்லாரும் கும்பிடும் கை, கண்ணீர் விட்டுச் சிரிக்கும் முகம் என்று போட ஆரம்பித்தார்கள். அவற்றுக்கு நான்கு பைட் வேண்டும். அந்த இடம் வந்ததும் தரவுத்தளம் எழுதுவதை நிறுத்திக்கொள்ளும், பின்னால் இருப்பதெல்லாம் சத்தமில்லாமல் போய்விடும். நம் தலைமையாசிரியர், “நிர்வாகத்தின் உழைப்பைப் பாராட்டுகிறேன்” என்று ஆரம்பித்து, மரியாதைக்கு ஒரு கும்பிடும் கையைப் போட்டு, “ஆனால்” என்று தொடங்கி மூன்று பக்கம் கிழித்திருந்தார். மன்றத்தில் பாராட்டு மட்டும் நின்றது.

“நல்லா இருக்கு தம்பி, ரொம்ப நல்லா இருக்கு. பாராட்ட வெச்சுக்கிட்டு மிச்சத்த வெட்டிட்டீங்க.”

“ஐயா, சத்தியமா நான் வெட்டல. அந்தக் கும்பிடு நாலு பைட்டுங்க.”

“என் கும்பிடு உங்களுக்கு நாலு பைட்டாப் போச்சா?”

அவர் பத்துப் பதினைந்து பேரோடு வெளியேறிப் புது மன்றம் தொடங்கினார். பழைய மன்றத்தின் சர்வாதிகார விதிமுறைகளை எதிர்த்துப் பிறந்த அந்த மன்றம், அதே விதிமுறைகளை அப்படியே நகலெடுத்துப் போட்டது. நடுவில் ஒரு விதியில் பழைய மன்றத்தின் பெயரை மாற்றவும் மறந்துவிட்டார்கள். அங்கிருந்து சாரலுக்கு ஒரு தனிமடல் போயிற்று: “இவரிடம் உங்களைப் போன்ற பெரியவர்கள் படும் அவமானம் எங்களுக்குத் தெரியும். தலைமை மட்டுறுத்துநர் பொறுப்பு காத்திருக்கிறது.” நம்மவர் இரண்டு நாள் யோசித்தார்.

பிறகு ஃபேஸ்புக் வந்தது, வாட்ஸ்அப் வந்தது, கூட்டம் கலைந்தது. ஆனால் போன இடங்களும் நிலையில்லை. ஆர்க்குட் 2014-இல் போயிற்று. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15-ஆம் தேதியோடு மூடப்பட்டன. இவர் மடலை அமுக்கி வைத்த மட்டுறுத்துநரின் சாம்ராஜ்யமும் அதோடு முடிந்தது. நம்மவர் மன்றம் இன்னும் இருக்கிறது. அவருக்கு அதில் ஒரு பெருமை உண்டு, அது நியாயமான பெருமை என்பதே என் கட்சி. சொந்தப் பெயர், சொந்தத் தரவு, சொந்த பேக்கப். எந்தக் கம்பெனியும் ஒரு நாள் காலையில் எழுந்து பூட்ட முடியாது. வழங்கிக்காரர்கள் பிஎச்பி 7-க்கு மாறியபோது பழைய நிரல் மூச்சை நிறுத்தியது. வேறிடம் மாற்றியபோது தமிழ் முழுவதும், தலையில் கோடு போட்ட ‘ஏ’வும் வட்டத்துக்குள் மாட்டிய ‘ஆர்’உமாக உருமாறியது. இரண்டு முறையும் ஊர் தூங்கும் நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டவணையாகச் சரிசெய்தார். சரிசெய்ததைக் கவனிக்கத்தான் ஆளில்லை. இப்போது அவர் நிலை குலதெய்வக் கோயில் பூசாரியின் நிலை. வெளியூர்ப் பங்காளிகள் எப்போதாவது எட்டிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு, “பழைய பச்சை கலர்தான் நல்லா இருந்துச்சு, ஏன் மாத்தினீங்க?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளை முழுதாகப் படித்த குடிமக்களில் அவரும் ஒருவர். குறைதீர் அலுவலர் பெயரைத் தளத்தில் போட வேண்டும், புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று அப்போது இருந்தது. அலுவலராகத் தன்னையே நியமித்துக்கொண்டார். வந்த புகார்கள் எல்லாம் அட்மின் மீதுதான். கெடுவுக்குள் விசாரித்து, அட்மின் மீது தவறில்லை என்று தீர்த்துவைத்தார்.

இப்போது திருச்சியில் சொந்த வீடு. சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறப்பது பழக்கம் விடாததால். பக்கத்தில் மனைவி.

“இன்னிக்கு நானூத்திப் பன்னெண்டு பேர் ஆன்லைன்ல இருக்காங்க.”

“யாருங்க அவங்கல்லாம்?”

“உறுப்பினர் ஒருத்தர். மிச்சம் விருந்தினர்.”

“அந்த ஒருத்தர் யாரு?”

“நான்தான்.”

“விருந்தினருங்க?”

“ரோபோ. கூகுள்காரன் அனுப்பறது, இப்ப ஏஐக்காரங்களும் அனுப்பறாங்க. எல்லாத்தையும் படிச்சிட்டுப் போகும்.”

“அதுங்க படிக்கறதுக்கா வருஷா வருஷம் பணம் கட்டறீங்க?”

‘நெஞ்சம் மறப்பதில்லை’ என்ற பெயரில் பழைய உறுப்பினர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தபோது அவரையும் சேர்த்தார்கள், சாதாரண உறுப்பினராக. குழுவின் அட்மின், ஒரு காலத்தில் இவர் மூன்று முறை தடை செய்தவர். முதல் நாள் காலையில் யாரோ ரோஜாப்பூவோடு வணக்கம் அனுப்ப, நம்மவர் விரல் பழக்க தோஷத்தில் ‘நகர்த்து’ பொத்தானைத் தேடியது. கிரிக்கெட்டும் மூட்டுவலியும் சீட்டுக் கம்பெனியும் ஒரே ஓடையில் கலந்து ஓடுவதை அவரால் தாங்க முடியவில்லை. “ஒவ்வொரு பொருளுக்கும் தனித் திரி இருந்தால் நன்றாக இருக்கும்” என்று எழுதினார். அதன்கீழ் ஏழு ரோஜாப்பூக்கள் விழுந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தலைமையாசிரியர் பழைய கதை எடுத்தார்.

“அப்போ சாரல்னு ஒருத்தர் இருந்தாரே. என்ன தமிழ், என்ன நிதானம்! அவர் மாதிரி ஒரு மனுஷர் அட்மினா இருந்திருந்தா மன்றம் இந்த நிலைக்கு வந்திருக்காது.”

“உண்மைதான் ஐயா. அவர் எழுதறதப் படிக்கத்தான் நான் தினம் வருவேன்.”

“இப்ப எங்க இருக்காரோ. அட்மின் அண்ணா, உங்ககிட்ட அவர் நம்பர் இருக்கா?”

‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று நம்மவர் பெயரோடு வெகுநேரம் தெரிந்தது. கடைசியில் பதில் வந்தது: “தேடிப் பார்க்கிறேன் ஐயா. தென்காசிப் பக்கம் நலமாக இருப்பதாகக் கேள்வி.”

“கிடைச்சா உடனே குரூப்ல சேத்துவிடுங்க. அவர் பேசி எத்தன வருஷமாச்சு!”

மறுநாள் காலையில் நம்மவர் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு, தில்லைநகரில் ஒரு கடையில் இன்னொரு சிம் கார்டு வாங்கினார்.