கல்லடி வரி

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சொன்ன புண்ணியவான் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் கார் ஓட்டியிருக்க மாட்டார். கண்ணடிக்கு எலுமிச்சம்பழம் போதும். ஷோரூம் வாசலிலேயே நாலு சக்கரத்துக்கும் வைத்து நசுக்கினால் முடிந்தது. கல்லடிக்கு லட்ச ரூபாய்க்கு மேல் ஆகிறது.

அந்த வைத்தியத்துக்குப் பெயர் பிபிஎஃப், அதாவது பெயிண்ட் புரொடெக்ஷன் ஃபிலிம். பாலியூரிதேன் வகைப் பிளாஸ்டிக்கில் செய்த ஒட்டுப்படம், 150 முதல் 200 மைக்ரான் கனம். ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியாது. டீடெய்லிங் கடைத் தம்பி ஒரு மாதிரித் தகட்டை எடுத்து வைத்து, பித்தளை பிரஷ்ஷால் பரபரவென்று கீறுவார். நமக்குப் பகீர் என்றிருக்கும். கெட்டிலைச் சாய்த்து வெந்நீர் ஊற்றுவார். கீறல் இருந்த இடம் தெரியாது. "தானாவே ஆறிடும் சார்." பக்கத்தில் நிற்கும் வீட்டம்மாவுக்கே கண் விரியும்.

இந்தப் படத்தின் பூர்விகம் வியட்நாம் போர். ஹெலிகாப்டர் விசிறிகளை மணலும் சிதறல்களும் அரித்துவிடாமல் இருக்க, அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. போர்க்களத்துக்காகச் செய்த கவசத்தை நாம் தாம்பரத்தில் தவணை போட்டு வாங்குகிறோம். நம்முடைய சாலைகளுக்கு இதைவிடச் சுருக்கமான நற்சான்றிதழ் கிடையாது.

இனி கணக்குக்கு வருவோம். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் கார்களுக்கான ஆயுள் வரியை உயர்த்தினார்கள். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை என்றால் 18 சதவீதம். 12 லட்ச ரூபாய் காருக்கு 2,16,000 ரூபாய். எதற்கு? ரோட்டில் ஓட்டுவதற்கு. அப்புறம் அதே ரோட்டிடமிருந்து காரைக் காப்பாற்ற ஒட்டுப்படம். முதல் வரிக்கு ரசீது தருவது அரசு. இரண்டாவது வரியை அரசே போட்டாலும் வசூலிப்பது கடைக்காரர். இதைக் கல்லடி வரி என்று கெஜட்டில் போட்டுவிட்டால் நாமும் கௌரவமாகக் கட்டிவிட்டுப் போவோம்.

வந்து விழுகிற கல்லைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டு. கல் தோன்றிய காலத்தைச் சொல்லிப் பெருமைப்படும் நமக்கு, அந்தக் கல்லே நேரில் வந்து பானெட்டைத் தட்டுவது பாக்கியம்தான். எதிரில் நிற்பது யார்? கார் பெயிண்ட். அடிப்பூச்சு, நிறம், மேலே கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே 100, 120 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் என்றால் 40, 50, தலைமுடியைவிட மெல்லிசு. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. 100 கிலோமீட்டரில் போகிறவருக்கு பானெட் முனை, பம்பர், சைடு மிரர் எல்லா இடத்திலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். பம்பர் பிளாஸ்டிக், பிழைத்துக்கொள்ளும். பானெட்டில் தகடு தெரிந்துவிட்டால் ஒரு மழைக்காலம் போதும், துரு உள்ளே புகுந்து பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கும்.

கல் வானத்திலிருந்து விழவில்லை. எருமையூர்ப் பக்கம் கிரஷரிலிருந்து புறப்படும் டாரஸ் லாரியை ஒருமுறை நின்று பாருங்கள். பக்கப்பலகைக்கு மேலே முக்கால் ஜல்லி கோபுரமாகக் குவிந்திருக்கும். வேகத்தடையில் ஒரு குலுக்கு, ரோட்டில் ஒரு கூடை. பின்கதவின் இடுக்கு வழியே சிப்ஸ் ஜல்லி ஒழுகிக்கொண்டே வரும். பின்னால் ஜோடி டயர். இரண்டுக்கும் நடுவில் சிக்கிய கல், விடுபடும்போது யார் முகம் என்று பார்க்காது. தார்ப்பாய் இல்லையா? அபாண்டமாகப் பேசக்கூடாது, இருக்கிறது. கேபின் தலைமேல் ஒழுங்காகச் சுருட்டி, கயிறு போட்டு முடிச்சிட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வெயிலில் தார்ப்பாய் வீணாகிவிடக்கூடாது அல்லவா!

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு: அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய், உபரியை இறக்கிய பிறகே வண்டி நகரலாம். இது ஒழுங்காக நடந்திருந்தால், ரோட்டோரம் இறக்கிவைத்த ஜல்லியிலேயே இன்னொரு எட்டுவழிச் சாலை போட்டிருக்கலாம். நடக்கவில்லை. சுமையை வரம்புக்குள் கொண்டுவர முடியாதபோது, வரம்பைச் சுமையை நோக்கி நகர்த்தினார்கள். 2018இல் மத்திய அரசு அச்சுச் சுமை அளவை 20 முதல் 25 சதவீதம் வரை கூட்டியது. லாரிக்காரர்கள் நன்றியுள்ளவர்கள், புது வரம்பையும் தாண்டிக் காட்டினார்கள். நடைச்சீட்டில் எழுதுவது ஒரு யூனிட் கணக்கு, வண்டியில் ஏறுவது வேறு யூனிட் கணக்கு. நடுவில் இருக்கும் வித்தியாசம் எந்தெந்த மேசையில் பங்கு பிரிகிறது என்பது டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும், விசாரணைக் கமிஷனுக்கு மட்டும் தெரியாது. நாய் விற்ற காசு குரைக்காது. ஜல்லி விற்ற காசு மட்டும் கல்லெறியுமா என்ன?

லாரி சிந்தாத இடத்தில் காண்டிராக்டர் சிந்துகிறார். குழி மூடும் வைபவத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு டிரம் தார், ரெண்டு பேர், ஒரு குவியல் ஜல்லி. தாரைத் தெளித்து, ஜல்லியைக் கொட்டி, மம்முட்டியால் ரெண்டு தட்டு. ரோலர் எங்கே? நாம்தான் ரோலர். நம் டயர்கள் உருட்டி உருட்டிச் சமன் செய்ய வேண்டும். பில்லில் ரோலர் வாடகை தனியாக ஏறியிருக்கும். சென்னையில் இன்னும் நாகரிகம். மில்லிங் மெஷின் வைத்துச் சாலையைச் சுரண்டிவிட்டு, அடுத்த பூச்சுக்கு முகூர்த்தம் பார்த்து வாரக்கணக்கில் காத்திருப்பார்கள்.

நமக்கோ அறிவுரை குறைவில்லை. செராமிக் கோட்டிங் போடுங்கள், 9எச் கடினம் என்பார்கள். அது பென்சில் கீறலுக்கு வைக்கிற பரிசோதனை. கிரஷரிலிருந்து யாரும் பென்சில் ஏற்றி வருவதில்லை. செராமிக் தண்ணீரை உருட்டிவிடும், கல்லைத் தடுக்காது. இன்ஷூரன்ஸ் என்பார்கள். 1500 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாய் நம் தலையில். கிளைம் போட்ட மறுநிமிஷம், ஐந்து வருஷம் காத்துவைத்த 50 சதவீத நோ கிளைம் போனஸ் கைவிட்டுப் போகும். ஒரு புள்ளிக்காக எவன் போடுவான்? இடைவெளி விட்டு ஓட்டுங்கள் என்பார்கள். விட்டால் அந்த இடைவெளியில் இன்னொரு டாரஸ் வந்து நுழையும்.

இவ்வளவு நேரம் பெயிண்டைப் பற்றிப் பேசினோம். பெயிண்டுக்காவது ஒட்டுப்படம் இருக்கிறது. அதே லாரிக்குப் பின்னால் பைக்கில் வருகிறவனுக்கு என்ன இருக்கிறது? முன்னால் குழந்தை, பின்னால் மனைவி, அவள் மடியில் இன்னொன்று. காரில் டொக் என்று கேட்டு நாம் உச்சுக்கொட்டுகிற அதே கல், அங்கே கண்ணில் விழுகிறது. கால் ஜல்லியில் முன்சக்கரம் வழுக்கினால் பின்னால் வருவது அடுத்த லோடு. இந்தத் தோலுக்கு வெந்நீர் ஊற்றினால் ஆறாது. அதே சந்திப்பில் போலீஸ்காரர் கடமை தவறாமல் நிற்கிறார். ஹெல்மெட் இல்லாதவனை நிறுத்தி 1,000 ரூபாய் எழுதுகிறார். எழுத வேண்டியதுதான். எழுதிக்கொண்டிருக்கும் அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஜல்லி மலை ஒன்று குலுங்கிப் போகிறது. அவர் திரும்புவதில்லை. திரும்பினால் கண்ணில் தூசி விழும்.

கார் வைத்திருக்கும் கனவான்களே, நமக்கும் இதில் பங்கு உண்டு. மண்டை உடைந்தவன் மறியல் செய்தபோது டிராஃபிக் ஜாம் என்று திட்டியவர்கள் நாம். பானெட்டில் புள்ளி விழுந்ததும் லட்ச ரூபாயைத் தூக்கிக் கொடுத்துப் படம் ஒட்டிக்கொண்டு, பிரச்சினை தீர்ந்தது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டோம். படம் ஒட்டும் ஒவ்வொரு காரும் ஆட்சிக்கு ஒரு புகார் குறைவு. கேட்கக்கூடியவன் போர்த்திக்கொண்டான், போர்த்திக்கொள்ள வழியில்லாதவன் கேட்டால் யார் காதில் விழும்?

ஆயிரம் காருக்கு ஆயிரம் தோல் வேண்டாம். லாரி ஒன்றுக்கு ஒரு தார்ப்பாய் போதும், அதுவும் ஏற்கெனவே லாரியின் தலையிலேயே இருக்கிறது. அவிழ்த்து விரிக்க ஐந்து நிமிஷம். அந்த முடிச்சை அவிழ்க்க வைக்கத் துப்பில்லாத ஆட்சிக்கு, என் காரின் விலையில் 18 சதவீதம் எதற்கு?